வாசனையிலேயே உப்புப் பார்த்தவள்

எனக்கு வாயில் புற்றுநோய் என்று தெரிந்தபோது எங்கள் தெருவில் யாரும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. இவளுக்கு வேறு எங்கே வரும் என்று நினைத்திருப்பார்கள். தென்காசியில் எங்கள் தெருவின் கிழக்கு முனையில் நான் பேசினால், மேற்கு முனையில் பால் வாங்க நிற்பவர்கள் பதில் சொல்வார்கள். ஆலங்குளத்தில் நான் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்திலோ, என் மேஜைக்கு வரவேண்டியவர்கள் முதலில் ஜன்னல் வழியாக என் முகத்தை எட்டிப் பார்ப்பார்கள். பிறகு வாசலில் நிற்பவரிடம், "அக்கா இன்னைக்கு எப்படி இருக்காங்க?" என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவ்வளவு நல்ல பெயர் எனக்கு.

நோய் வந்த வழியும் பெருமைப்படக்கூடியதல்ல. கடைவாய்ப் பல் வலித்த காலத்தில், ஒரு துணுக்குப் புகையிலையை அடக்கிக்கொண்டால் வலி கேட்கும் என்று யாரோ சொன்னார்கள். கேட்டது. பிறகு பல்லைப் பிடுங்கினேன். பல் போய்விட்டது, புகையிலை மட்டும் அந்த இடத்தில் பதினெட்டு வருடம் குடியிருந்தது. வெற்றிலைக்குள் மடித்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? பீடி குடிக்கிற எதிர்வீட்டுக்காரரிடம், "நெஞ்சு வெந்துதான் சாவப் போறீங்க அண்ணாச்சி" என்று நான் அக்கறையாகச் சொன்ன நேரத்திலெல்லாம் என் கன்னத்துக்குள் புகையிலை ஊறிக்கொண்டிருந்தது.

கன்னத்தின் உள்பக்கத்தை வெட்டி எடுத்து, தொடைத் தோலை அங்கே வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகு கரண்ட் வைக்க வேண்டும் என்றார்கள். ரேடியேஷனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முப்பது தடவை. சித்திரை, வைகாசி வெயிலில் வாரத்துக்கு ஐந்து நாள் தென்காசியிலிருந்து திருநெல்வேலிக்குப் போய் வந்தோம். கூட வந்தவர் என் வீட்டுக்காரர். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடத்திலேயே பேச்சையெல்லாம் செலவழித்துவிட்டாரோ, இல்லை முப்பது வருடமாக நான் இடம் கொடுக்கவில்லையோ, வீட்டில் அவர் பேசுவது அபூர்வம்.

சிகிச்சை ஆரம்பிக்கும் முன் அங்கிருந்த பெண் டாக்டர் எங்களை உட்கார வைத்து விவரமாகச் சொன்னார். வாய் புண்ணாகும், எச்சில் வற்றும், ருசி போகும், கழுத்துத் தோல் கருக்கும், வாய் திறக்கிற அளவு குறையும். ஒவ்வொன்றும் அவர் சொன்ன வாரத்தில் டாண் என்று வந்து சேர்ந்தது. எங்கள் ஊர் பஸ் கூட அத்தனை சரியாக வராது.

என் முகத்தின் அச்சிலேயே வெள்ளை வலையில் ஒரு முகமூடி செய்து, அதை மாட்டி, மேஜையோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். அசையக்கூடாது, பேசக்கூடாது. முதல் நாள் வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தேன். இவளைப் பேசவிடாமல் செய்ய இவ்வளவு பெரிய மெஷின் வேண்டியிருந்திருக்கிறது என்று அவர் யோசித்ததாக எனக்குத் தோன்றியது. கேட்டேன். "ச்சே, அப்படிலாம் இல்ல" என்றார். கொஞ்சம் தாமதமாகத்தான் சொன்னார்.

மூன்றாவது வாரத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. வாய்க்குள் எல்லாம் வெந்த புண். ஆறின நீர்க்கஞ்சி ஒரு மடக்கு உள்ளே போவதற்குள் இரண்டு கண்ணிலும் தண்ணீர் ஓடும். எச்சில் பசை மாதிரி ஆனது, பிறகு அதுவும் இல்லாமல் போனது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு வாய் தண்ணீர் விட்டுப் பிரித்தால்தான் அடுத்த வார்த்தை. முதலில் வாயில் மூன்று விரல் நுழைந்ததாம், இப்போது ஒன்றரை என்றார் டாக்டர். தினமும் பயிற்சி செய்யாவிட்டால் வாய் அப்படியே பூட்டிக்கொள்ளும் என்றும் சொன்னார். ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், நாளாக ஆக ஒரு குச்சி கூட்ட வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு கட்டுக் குச்சி வாங்கி வந்து, காலையும் மாலையும் ஒரு நோட்டில், "இன்று பதினொன்று" என்று எழுதிக்கொண்டார். ஊரையே வாயால் விரட்டியவள் வாயில் பதினோரு குச்சியைக் கவ்விக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

கரண்ட் முடிந்ததும் சாரல் ஆரம்பித்தது. குற்றால சீசன் என்றால் எங்கள் வீட்டுக்கு ஆள் வராமல் இருக்காது. சென்னையிலிருந்து தம்பி குடும்பம் வந்தது. என்னையும் ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். கழுத்துத் தோல் உரிந்துகொண்டிருந்ததால் நான் அருவியில் நிற்க முடியாது. கரையில் துண்டையும் துணிப்பையையும் காத்துக்கொண்டு, அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை பாட்டில் தண்ணீரைக் குடித்தேன். மேலே சாரல், முன்னால் அருவி, காலடியில் ஓடை, என் வாயில் மட்டும் கோடை. ஈரத்துணியோடு போன ஒருத்தி நின்று, "என்னக்கா, அருவிக்கு வந்து பாட்டில் தண்ணி குடிக்கீங்க?" என்று சிரித்தாள். அவளுக்குப் பதில் என்னிடம் ஏழெட்டு இருந்தது. ஒரு மடக்குக் குடித்து, நாக்கைப் பிரித்து, வாயைத் திறப்பதற்குள் அவள் அருவிக்குள் போய்விட்டாள். என் வாழ்நாளில் பதில் வாங்காமல் போனவள் அவள் ஒருத்திதான்.

அதைவிடக் கொடுமை திரும்பி வரும்போது நடந்தது. தம்பி பெண்டாட்டிக்கும் எனக்கும் இருபது வருடமாக எதிலும் ஒத்துப்போகாது. அன்று காரில் நான் வேண்டுமென்றே, "என் பொண்ணு கல்யாணத்துக்கு நீ எடுத்த சேலை கலர் நல்லால்ல" என்று ஆரம்பித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா சரிதான் மதினி, மாத்திருதேன்" என்றாள். புண்ணும் வலியும் இருந்த நாளில்கூட எனக்குச் சாவு பயம் வரவில்லை. அன்றுதான் வந்தது.

அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தேன். எல்லோரும் அப்படித்தான் மாறியிருந்தார்கள். என் முகம் நன்றாகத் தேறிவிட்டதாம், குரல் பழையபடி வந்துவிட்டதாம். கண்ணாடியும் காதும் எனக்கு இருக்கின்றன. ஒருத்தரும் என்னோடு சண்டை போடுவதில்லை. செத்தவர்களைப் பற்றித்தான் இப்படி நல்லதாகவே பேசுவார்கள். நான் இன்னும் பழைய ஆள்தானா, இல்லை இவர்கள் மனதில் பாதி போய்விட்டேனா என்பதே எனக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

அதை நிரூபிக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் அடுப்படி.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் சாமிக்குப் படைக்காமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது. அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியவள் நான். ருசி பார்த்துச் சமைக்கிறவளைக் கண்டால் எனக்கு இளக்காரம். "கொதிக்கும்போது வாசனையிலேயே உப்பு தெரியணும். தெரியாதவ எதுக்குக் கரண்டியப் பிடிக்கா?" என்று சொந்தபந்தம் அத்தனை பேரிடமும் பீற்றிக்கொண்டிருக்கிறேன். நான் அடுப்புக்கு மேலே முகத்தை நீட்டி, கண்ணை மூடி, மூக்கால் இழுத்து, "அரை உப்புக் காணாது" என்று சொல்லும்போது பார்க்கிறவர்கள் பக்தியோடு நிற்பார்கள். உண்மை என்னவென்றால், யாரும் பார்க்காத சமயம் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றி நக்கிவிடுவேன். வாசனையில் உப்பாவது தெரிவதாவது! முப்பது வருடமாக எந்தச் சாமியும் என் வீட்டில் எனக்கு முன்னால் சாப்பிட்டதில்லை.

இப்போது நக்கினால் ஒன்றும் தெரியவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தாலும் வெறும் தண்ணீராக இருந்தது. காபி, நனைந்த அட்டை. யாரையாவது கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்லலாம் என்றால், வாசனையில் பார்க்கிறவளுக்கு நாக்கு போனால் என்ன, மூக்கு இருக்கிறதே என்று கேட்பார்கள். ஆகவே கை அளவை நம்பிச் சமைத்தேன். என் வீட்டுக்காரரிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லாருக்கு" என்பார். அவர் முப்பது வருடமாகச் சொல்கிற வார்த்தை அது ஒன்றுதான். சரி, நம் கை பிசகவில்லை என்று நானும் நிமிர்ந்துகொண்டேன்.

என் சிகிச்சைக்காகத் தள்ளிப்போட்டிருந்த மகள் கல்யாணம் ஆவணியில் நடந்தது. பெங்களூரில் வேலை பார்க்கிறவள், பத்து நாள் முன்னதாக வந்து என் சமையலைச் சாப்பிட்டு, "சூப்பர்ம்மா" என்றாள். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொதிச் சாப்பாடு போட வேண்டும். தேங்காய்ப் பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் போட்டு வைக்கிற குழம்பு, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி. கல்யாணச் சாப்பாடு எப்படி இருந்தாலும் மறந்துவிடுவார்கள். சொதியைச் சாகும்வரை சொல்வார்கள். அதை நானே வைப்பேன் என்றேன்.

"கல்யாணத்துக்குச் சமைச்சவங்களே அதையும் வச்சிரட்டுமே" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

"ஏன், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவர் தேங்காய் வாங்கப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கல்யாணத்துக்கு மறுநாள் காலை இருபது பேருக்குச் சொதி. தேங்காயைத் துருவி, மூன்று பால் எடுத்து, காயை மூன்றாம் பாலில் வேகவைத்து எல்லாம் முறையாகத்தான் போனது. நடுவில் வாசலில் யாரோ கூப்பிட்டார்கள், போய்விட்டு வந்தேன். உப்புப் போட்டேனா இல்லையா? சுத்தமாக நினைவில்லை. பழக்கத்தில் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். வெந்நீர். கதவுக்கு வெளியே மகளும், என் தம்பி பெண்டாட்டியும், என் வீட்டுக்காரரும் இருந்தார்கள். மூன்று நாக்கு, மூன்றும் நல்ல நாக்கு. ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். வறட்டுக் கௌரவம் விடவில்லை. ஒரு கை உப்பை அள்ளிப் போட்டேன். அதோடு நிற்காமல், தம்பி பெண்டாட்டி உள்ளே வந்தபோது அடுப்புக்கு மேல் முகத்தை நீட்டி, கண்ணை மூடி, மூக்கால் இழுத்து, "சரியா இருக்கு" என்றேன். படைக்கவும் ஆயிற்று. சாமி வழக்கம்போல் ஒன்றும் சொல்லவில்லை.

பந்தியில் மாப்பிள்ளை தலை நிமிராமல் சாப்பிட்டார். வரிசையாக மூன்று டம்ளர் தண்ணீர் குடித்தார். அடக்கமான பையன் என்று நினைத்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே போனேன். "பிரமாதம்" என்றார் ஒருவர். "சொதின்னா இதுல்லா சொதி" என்றார் என் தம்பி. மகள் கண்ணைக் காட்டாமல், "சூப்பர்" என்றாள். எனக்குத் தலைக்கு மேல் ஒரு சாண் வளர்ந்த மாதிரி இருந்தது.

கடைசியில் மாப்பிள்ளையின் அம்மா. செங்கோட்டைக்காரர், மூன்று வார்த்தை பேசும் இடத்தில் ஒன்று பேசுகிறவர். ஒரு வாய் வைத்தார். மென்றார். இலையில் கையை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சம்பந்தி, உப்பு ரெண்டு தடவ போட்டுட்டீங்களோ? பச்சடி கொள்ளாம், கூட்டு கொள்ளாம். சொதிய வாயில வைக்க முடியல."

நன்றாக இருப்பதை அவர்கள் ஊரில் கொள்ளாம் என்பார்கள். அந்த வார்த்தைக்கு வெளியே என் சொதி மட்டும் தனியாகக் கிடந்தது. தம்பி பெண்டாட்டி என்னைப் பிடித்துக்கொள்வதுபோல் பக்கத்தில் வந்தாள். நான் மயங்கி விழுவேன் என்று நினைத்தார்களோ என்னவோ. எனக்கு முதலில் வந்தது அவமானம், நிஜமாகவே காது சுட்டது. அடுத்த நொடி வந்தது சிரிப்பு. திறக்காத வாயால் நான் சிரித்த சிரிப்பு கனைப்பு மாதிரி இருந்திருக்கும். ஆறு மாதத்தில் ஒரு மனுஷி என்னைக் குறை சொல்லிவிட்டாள்!

அந்த அம்மா எழுந்து கையைக் கழுவிவிட்டு நேராக அடுப்படிக்கு வந்தார். "தேங்கா இன்னும் இருக்கா? உருளைக்கிழங்கு?" என்று கேட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். பால் பிழிந்துகொண்டே, "நாக்கு உணரலையோ?" என்றார்.

"ஒண்ணுமே தெரியல சம்பந்தி."

"அப்ப ருசி பாக்க ஒரு ஆள வச்சிக்கணும். இதுல என்ன கௌரவம்?"

இரண்டாம் பந்திக்குச் சொதி தப்பித்தது. முதல் பந்திக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

எல்லோரும் கிளம்பியபோது மணி நாலு. என் வீட்டுக்காரர் வாழையிலைகளை அள்ளிக்கொண்டிருந்தார். "இங்கன வாங்க" என்றேன். வந்தார்.

"எத்தனை நாளா இப்படி?"

"எது?"

"உப்பு."

கையிலிருந்த இலையை மடித்தார். "மூணு மாசமா" என்றார்.

மூன்று மாதம்! அவர் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிற மனிதர். விசாரிக்க விசாரிக்க ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சாம்பாரில் வெந்நீர் கலந்து குடித்திருக்கிறார். மகளும் அதைத்தான் செய்திருக்கிறாள், அப்பா சொல்லிக்கொடுத்து. போன மாதம் அவருக்குப் பிரஷர் ஏறிக் கிடந்திருக்கிறது. "ஊறுகாயா திங்குதீங்கன்னு டாக்டர் சத்தம் போட்டார். ஆமான்னுட்டேன்" என்றார். மாத்திரையை இரண்டாக்கிக் கொடுத்தாராம். எனக்குத் தெரியாமல் அதையும் விழுங்கிக்கொண்டிருக்கிறார். உள்ளங்கையில் ஊற்றி நக்குகிற விஷயமும் அவருக்குக் கல்யாணம் ஆன முதல் மாதமே தெரியுமாம்.

"சொல்லித் தொலைச்சா என்ன? அதுக்குக்கூடவா வாய் இல்ல உங்களுக்கு? நான் நோயாளின்னு பாவம் பாத்தீங்களா?"

"பாவம்லாம் பாக்கல" என்றார். இலையைக் கீழே வைத்தார். "ஏளா, அருவிக்குப் போய்ட்டு வந்த பொறவு பத்து நாள் நீ சுவரப் பாத்தே படுத்துக் கெடந்த. பதினோராம் நாள் நீயா எந்திரிச்சு அடுப்படிக்குப் போன. பாத்திரச் சத்தம் கேட்டுது. உப்பக் குறை சொன்னா நீ திரும்பவும் போய்ப் படுத்துருவியோன்னு பயமா இருந்துச்சு. அதான் தின்னேன்."

முப்பது வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியதில் அதுதான் பெரிது. அழுதேன். கண்ணில் மட்டும் தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்று அன்று தெரிந்தது. அழுது முடித்துவிட்டு ஒன்று சொன்னேன்: "நாளையிலேருந்து உள்ளதச் சொல்லணும். கூடுனா கூடன்னும் குறைஞ்சா குறைச்சல்னும் சொல்லணும். இல்லன்னா நான் செத்துப்போன பொம்பளன்னு அர்த்தம்."

"சரி" என்றார்.

மறுநாள் காலை உப்புமாவும் சாம்பாரும் வைத்து, படைக்கும் முன்பே தட்டில் போட்டு அவர் முன்னால் நீட்டினேன். சட்டத்தை ஒழித்தாயிற்று. ஒரு வாய் எடுத்தார். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகம் வந்தது.

"உப்பு காணாது. கடுகு கருகிட்டு. ரவையில கட்டி விழுந்திருக்கு" என்றார். சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்தார். "இதுல புளி கூட."

"சரி, நாக்கு போனவ வேற என்ன செய்வா?" என்றேன் பவ்யமாக.

"உப்புதான் கரண்ட் வச்ச பொறவு. புளி கல்யாணம் ஆன நாள்லேருந்தே கூடத்தான்" என்றார்.

என்ன தைரியம்! பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்து நாக்கைப் பிரித்தேன். அவருடைய அம்மா வைத்த சாம்பாரில் தொடங்கி, அவர் குடும்பத்தில் ஒருத்தர் விடாமல் வரிசையாகத் திட்டினேன். வார்த்தை பாதி உள்ளேயே மாட்டிக்கொண்டது, மீதி வந்தது. அவர் எழுந்து போகவில்லை. தட்டை நீட்டி இன்னும் ஒரு கரண்டி சாம்பார் கேட்டார்.